உள்பக்கம் இருபத்து நான்கு அடி

கம்பி பிரஷ் பிடித்த வலது கை துருவைத் தேய்த்துக்கொண்டே கீழே இறங்கியது. இடது கையின் கட்டைவிரல் பின்னாலேயே வந்து, தேய்த்த இடத்தைத் தடவிப் பார்த்தது. இரும்பு எங்கே திடமாக இருக்கிறது, எங்கே வெறும் தோலாகிவிட்டது என்பது கண்ணுக்கு முன்பே அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். பெயின்ட் உரிந்த விளிம்பில் வெள்ளை எனாமல் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகத் தெரிந்தது. பொங்கல் முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு பூச்சு. மொத்தம் இருபத்திரண்டு. தரையை ஒட்டிய இடத்தில் கை நின்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஓர் அழுத்து அழுத்தியதும் அதன் முனை கம்பத்துக்குள் போய்விட்டது.

"இனி பெயின்ட் அடிச்சுப் பிரயோசனம் இல்லீங்க அம்மிணி," என்றார் கைக்குச் சொந்தக்காரர். "நாலு கம்பத்துக்கும் அடி போயிருச்சு. ரெண்டு கோலையும் புதுசாவே செஞ்சு குடுத்தர்றேன்."

பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்த அக்சிலியா, "பைனலுக்கு மூணு வாரந்தாண்ணா இருக்குது," என்றார்.

"மூணு வாரத்துல லாரியே கட்டலாம்."

அவர் பெயர் சவரிராயன், வயது அறுபத்தொன்று. சேலத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் நாமக்கல்லுக்கு வந்து, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தார். யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தரவில்லை. வெல்டிங் பற்றவைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். தான் வைத்த பற்று விட்டுப்போன இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்படித்தான் வேலை படிந்தது. இன்று அதே பட்டறையில் அவர்தான் மூத்த மேஸ்திரி.

நகருக்கு வெளியே இருக்கும் இந்த மைதானத்தில் ஞாயிறு காலைகளில் நடப்பது முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கான கால்பந்து லீக். எட்டு அணிகள். லாரி டிரைவர்கள், கோழிப்பண்ணை சூப்பர்வைசர்கள், ராசிபுரத்திலும் குமாரபாளையத்திலும் ஜவுளி வியாபாரம் செய்பவர்கள், விடுதிப் பள்ளி வாத்தியார்கள். தொப்பைக்கும் மூட்டுவலிக்கும் இங்கே தடை கிடையாது. மோகனூர் சர்க்கரை ஆலையில் எழுத்தராக இருக்கும் அக்சிலியா பதினோரு ஆண்டுகளாக லீக்கின் செயலாளர். கணவர் ஆட வந்தார். முழங்கால் போனதும் நின்றுவிட்டார். துணைக்கு வந்த அக்சிலியா நிற்கவில்லை.

இந்த ஆண்டு இறுதிப் போட்டியன்று மூன்று பேரைக் கௌரவிப்பதென்று கமிட்டி முடிவு செய்திருந்தது. ஆட்டத்துக்கு முன் புழுதி அடங்குவதற்குத் தன் போர்வெல் தண்ணீரை இத்தனை காலமும் திறந்துவிட்டுவரும் ஜானகியம்மாள் ஒருவர். இருபத்திரண்டு சீசனில் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஆடியிருக்கும் முட்டை வியாபாரி காளியண்ணன் இன்னொருவர். மூன்றாவது, சவரிராயன். அக்சிலியா பாராட்டுப் பத்திரத்தின் வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருந்தார். அங்கேயே படித்துக் காட்டினார்.

"'சர்வதேச விதிப்படி இம்மியும் பிசகாத கோல் கம்பங்களைத் தம் கையாலேயே அமைத்து...'"

சவரிராயன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அந்த வரிய இன்னொருக்காப் படிங்க."

அவர் படித்தார். சவரிராயன் பிரஷ்ஷை எடுத்து, எப்படியும் கழற்றி எறியப்போகும் கம்பத்தை மேலும் கொஞ்ச நேரம் தேய்த்தார்.

லீக் தொடங்கிய ஆண்டில் மைதானத்தில் இருந்தவை சவுக்குக் கட்டைகள்தான். இருபத்து நான்கு அடி அகலம், எட்டு அடி உயரம் என்று யாரோ ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பார்த்ததும் சவரிராயன் சிரித்துவிட்டார். பெரிய லாரியின் பாடி இருபத்து நான்கு அடி நீளம், எட்டு அடி அகலம். அந்த அளவு அவர் கைக்குத் தூக்கத்திலும் தெரியும். முதலாளியிடம் கேட்டு வாங்கிய நாலு அங்குலக் குழாயில் இரண்டே ஞாயிற்றில் இரண்டு கோலையும் நிறுத்திவிட்டார். வலைகூடக் கோழிப்பண்ணை வலையிலிருந்து வெட்டி அவரே கட்டியதுதான்.

மறுநாள் பட்டறைக்குக் காளியண்ணன் வந்தார். அவருடைய புது லாரிக்கு முட்டை ஏற்றும் பாடி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அடித்தட்டு முடிந்து, சுற்றிலும் சட்டங்களைச் சும்மா நிறுத்திப் புள்ளி வெல்டு வைத்திருந்தார்கள். அவர் உள்ளே ஏறி, முட்டை ட்ரே ஒன்றை வைத்து வைத்து நகர்த்திப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஏனுங்ண்ணா, ஒரு வரிசை நிக்காதாட்ட இருக்குதுங்களே."

"இருபத்து நாலு அடி கேட்டீங்க. இருபத்து நாலு இருக்குது தம்பி. டேப்பப் புடிச்சுப் பாருங்க."

"வெளிய புடிச்சா இருக்குது. முட்டைய நான் வெளியவா அடுக்கப் போறேன்?"

"பாடின்னாலே வெளி அளவுதானுங்க. ஆர்டிஓ வந்தா வெளியதான் டேப்பு வெப்பாரு."

"ஆர்டிஓ எங்கிட்ட முட்டை வாங்கறதில்லீங்ளே."

பட்டறையே சிரித்தது. சவரிராயனும் சிரித்துக்கொண்டே புள்ளி வெல்டுகளை உடைக்கச் சொன்னார். சட்டங்களைத் தள்ளி நிறுத்தினால் ஒரு நாள் வேலைதான் வீணாகும். சாக்பீஸை எடுத்து அடித்தட்டில் புதுக் கோடு போட்டார். கோட்டின் பக்கத்தில், மறந்துவிடாமலிருக்க, 'உள்' என்று எழுதினார். எழுதிய கை அப்படியே நின்றது.

முட்டை உள்ளே போகிறது. பந்தும் உள்ளேதான் போகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். கம்பத்தின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் பிடித்தார். இருபத்து நான்கு அடி, நூல் பிசகவில்லை. உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் பிடித்தார். இருபத்து மூன்று அடி நான்கு அங்குலம். தரையிலிருந்து குறுக்குக் குழாயின் மேல்பக்கம் எட்டு அடி. கீழ்ப்பக்கம் ஏழு அடி எட்டு அங்குலம். மைதானத்தின் மறுகோடிக்கு நடந்துபோய் அந்தக் கோலையும் அளந்தார். அங்கேயும் அதேதான். தப்பைக்கூட அவர் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் செய்திருந்தார்.

கம்பத்தின் அடியில் உட்கார்ந்தார். கோல் அதிகம் விழாத லீக் என்று இவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. தடுப்பாட்டம் அவ்வளவு பலம் என்று எல்லாரும் சொல்லிக்கொள்வார்கள். நாலு வருடம் முன்பு சேலத்திலிருந்து நட்புக்கு ஆடவந்த அணியின் கேப்டன், தோற்றபிறகு கோலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, "என்னங்க, உங்க ஊர் கோல் சின்னதா இருக்கே?" என்று கேட்டார். "தோத்தவங்களுக்கு அப்படித்தாங்க தெரியும்," என்றார் சவரிராயன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

அதுகூடப் பரவாயில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய இறுதிப் போட்டி ஒன்று இருந்தது. கடைசி நிமிடம், ஆட்டம் சமம். காளியண்ணன் அடித்த பந்து கோலியைத் தாண்டிப் போய் இடது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த வேகத்திலேயே எதிரணி பந்தைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் கோல் போட்டுவிட்டது. அன்றிலிருந்து காளியண்ணனுக்கு 'போஸ்ட்டு' என்று பெயர். அடுத்த தை மாதம் பெயின்ட் அடிக்கும்போது கம்பத்தின் உள்முகத்தில் அந்தப் பந்தின் செம்மண் தடம் மழைக்கும் முழுதாக அழியாமல், அப்பளம் போல வட்டமாக இன்னும் தெரிந்தது. அதன்மேல் பூச்சு அடித்தவர் சவரிராயன்தான். வெளிமுகத்தில் இல்லை, நடுவிலும் இல்லை, உள்முகத்தில். கம்பம் நாலு அங்குலம் தள்ளி இருந்திருந்தால் அங்கே பந்தைத் தடுக்க ஒன்றுமே இருந்திருக்காது.

சாயங்காலம் அக்சிலியாவிடம் சொன்னார். அவர், "புதுசு செய்யறப்ப சரியா செஞ்சிருங்கண்ணா, முடிஞ்சுது. பழைய கோலை யாரு டேப்பு வெச்சுப் பாக்கப் போறாங்க?" என்றார்.

"நான் வெச்சுப் பாத்துட்டனே."

"எல்லாருக்கும் சொல்லித்தான் ஆகணுமா?"

"அந்த 'இம்மியும் பிசகாத' இருக்குதில்லீங்களா, அதை எடுத்துருங்க. எடுக்காட்டி நான் மேடைக்கு வரமாட்டேன்."

"எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒருத்தருகிட்ட நானே சொல்லோணும்."

காளியண்ணன் முட்டைக் கிடங்கில் இருந்தார். சவரிராயன் சுற்றி வளைக்கவில்லை. அளவைச் சொன்னார், செம்மண் தடத்தைச் சொன்னார், நாலு அங்குலத்தையும் சொன்னார். காளியண்ணன் கையிலிருந்த ட்ரேயை மெதுவாக அடுக்கின்மேல் வைத்தார்.

"எம்பட பொண்ணு கண்ணாலத்துல மொய் எழுதறவன் எம்பேரை 'போஸ்ட்டு காளி'ன்னு எழுதி வெச்சிருந்தானுங்க," என்றார். "ஊட்டுல எம் பொண்டாட்டியே ஏதாச்சும் கோவம்னா அதச் சொல்லித்தான் கூப்பிடுவா."

"தெரியுமுங்க."

"பதிமூணு வருசமா காலைத்தான் நொந்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் திருப்பி அடிச்சிருக்கலாம், கொஞ்சம் திருப்பி அடிச்சிருக்கலாம்னு." அடுத்த ட்ரேயை எடுத்தார். "சரிங்க. நீங்க போய் லாரி வேலையப் பாருங்க."

சவரிராயனின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி முடிந்ததும் கட்டியவர் டேப்பைச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்பார். சொந்தக்காரர்தான் அளக்க வேண்டும். கட்டியவர் கை டேப்பில் படக்கூடாது. அளந்து, சரி என்று அவர் வாயால் சொன்ன பிறகே சாவி கைமாறும். காளியண்ணன் இதுவரை எடுத்த மூன்று லாரிகளையும் தானே வந்து அளந்தவர். இந்தமுறை டிரைவரை அனுப்பினார். டிரைவர் அளந்தான், உள்பக்கம் இருபத்து நான்கு, சாவியை வாங்கிக்கொண்டு போனான். அந்த ஞாயிறு காளியண்ணன் வழக்கம்போல ஆட வந்தார். கோட்டுக்கு வெளியே நின்ற சவரிராயனைப் பார்க்காமல் தாண்டிப் போனார்.

அவர் புறக்கணித்தார் என்பதற்காக வேலை நிற்கவில்லை. சவரிராயன் குழாய்களைப் புதிதாக எடுத்தார். மைதானத்தில் பழைய கான்கிரீட்டை உடைத்து, ஒவ்வொரு குழியையும் நாலு அங்குலம் வெளியே தள்ளிப் போட்டார். கம்பத்தைக் கழற்றி மாட்டுவதற்கு வசதியாகக் குழிக்குள் குழாய் உறையும் போல்ட்டும் வைத்தார். மூலைப் பற்றுகளை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கட்டைவிரல் இடறாத வரைக்கும் கொண்டுவந்தார். குறுக்குக் குழாயின் கீழ்ப்பக்கம் எட்டு அடி. உள்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் இருபத்து நான்கு. தினமும் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் அளந்தார். ஏழு முறை சரியாக இருந்த பிறகுதான் வெள்ளை அடித்தார்.

இறுதிப் போட்டியன்று காலை ஜானகியம்மாளின் தண்ணீரில் மைதானம் நனைந்திருந்தது. எட்டு அணிகளும் வந்திருந்தன. முதலில் ஜானகியம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள். அடுத்து காளியண்ணன். கைதட்டலுக்கு நடுவில் பின்னாலிருந்து யாரோ "போஸ்ட்டு" என்று கத்தினார்கள். அவர் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். பிறகு அக்சிலியா மூன்றாவது பத்திரத்தை எடுத்தார்.

"இதுல ஒரு இடம் காலியா விட்டிருக்குதுங்க," என்றார் மைக்கில். "ஏன்னு சவரிராயண்ணனே சொல்லுவாரு."

சவரிராயன் மைக்கை வாங்கவில்லை. கோல் முன்னால் நின்றே, எல்லாருக்கும் கேட்கும்படி, பழைய கோலின் அளவைச் சொன்னார். "வெளி அளவுல கட்டிப்போட்டேன். இருபத்திரண்டு வருசமா எட்டு அங்குலம் கம்மி. தப்பு என்னுது. புதுசு சரியா இருக்குது. ஆனா நான் சொன்னாப் பத்தாது." சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார்.

அக்சிலியா வாங்கக் கை நீட்டினார். சவரிராயன் தலையசைத்து மறுத்தார். டேப் அவர் கையில் அப்படியே இருந்தது. ஓரமாக நின்ற காளியண்ணனைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. காளியண்ணன் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்து டேப்பை வாங்கினார். நுனியை அக்சிலியா இடது கம்பத்தின் உள்முகத்தில் பிடிக்க, வலது கம்பம் வரை போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, திரும்பி வந்து, இடது கம்பத்தின் பக்கமிருந்து மறுபடியும் அளந்தார். உயரத்தையும் அளந்தார்.

"அன்னிக்கு நான் அடிச்ச அந்தப் பந்து," என்றார். "அது என்னங்ண்ணா?"

"கோலுங்க தம்பி."

"அங்க பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க."

"கோலுங்க," என்றார் சவரிராயன், உரக்க.

காளியண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டுக்குங்க. ஆனா ஒண்ணு, அந்தப் பக்க கோலும் அதே எட்டு அங்குலம் கம்மிதான். அன்னிக்கு எங்க கோலி பொழச்சது எத்தனைன்னு யாரும் கேக்க வேண்டாம்." சிரிப்பு அடங்கியதும் சவரிராயன் பக்கம் திரும்பினார். "உள்பக்கம் இருபத்து நாலு. எட்டு அடி. சரியா இருக்குதுங்ண்ணா."

அக்சிலியா பத்திரத்தைத் தொடையில் வைத்து, காலியாக விட்டிருந்த இடத்தில் அந்த அளவை எழுதினார். காளியண்ணன் டேப்பைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். சவரிராயன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபையிலிருந்து கோல் போல்ட்டுகளின் ஸ்பேனரை எடுத்தார். வேட்டி முனையில் ஒருமுறை துடைத்து, வண்டிச் சாவியைப் போல நீட்டினார். காளியண்ணன் இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.