தம்புராவில் இருந்த நாலு நூல்

திருப்பதியில் நைனா வேலை பார்த்த மியூசியத்தில் போன மாதம் சங்கீத வாரம் நடத்தினார்கள். பழைய வித்வான்களின் படங்கள், வாத்தியங்கள், சாயந்திரம் கச்சேரி. மகள் கூப்பிட்டதால் போனேன். கூட்டம் எனக்கு ஆகாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் தம்புரா மீட்டியதும் என்னையறியாமல் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயதில் நடந்தது அது. நைனா எங்கள் ஊர் வடமாலபேட்டையிலிருந்து தினமும் மியூசியத்துக்கு பஸ்ஸில் போவார். வாத்தியங்கள் இருக்கும் அறையைத் திறப்பது, துடைப்பது, பூட்டுவது அவர் பொறுப்பு. டெம்பரரி வேலை. அந்த வருஷம் பர்மனென்ட் ஆக்குகிற ஃபைல் ஆபீசரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அம்மா வேண்டாத சாமி இல்லை.

தன் தம்புராவை மியூசியத்துக்குக் கொடுத்திருந்த பாடகியம்மா ஒருநாள் அதையே மீட்டிப் பாடுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நைனா என்னையும் அழைத்துப் போனார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தம்புராவை வெளியே எடுத்து, மெல்லிய துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்தார். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு வந்ததும் துணியை வைத்துவிட்டு வாயால் ஊதினார். அவ்வளவுதான். அங்கே ஒவ்வொரு தந்திக்கு அடியிலும் ஒரு துண்டு நூல் அழுக்கேறிக் கிடந்தது. நைனா அந்த இடத்தில் மட்டும் சோம்பல்படுகிறார் என்று நினைத்தேன்.

"எதையும் தொடாத, கம்முனு குந்திக்கினு இரு" என்று சொல்லிவிட்டு ஜமக்காளம் விரிக்கப் போனார்.

ஆபீசர் பார்த்தால் என்ன நினைப்பார்? நாலு நூலையும் நகத்தால் உருவி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். நைனாவின் வேலைக்கு என்னால் ஆன உதவி.

சாயந்திரம் மேடையில் பாடகியம்மா தந்தியை மீட்டினார். டங், டங் என்று ஒவ்வொரு சத்தமும் எழுந்த இடத்திலேயே அடங்கியது. குனிந்து பார்த்தார்.

"ஜீவா எங்க?" என்றார். தந்திக்கு அடியில் வைக்கும் நூலுக்கு அதுதான் பெயராம். அது இல்லாவிட்டால் தம்புரா ரீங்கரிக்காதாம்.

"எவரு தீசாரு?" யார் எடுத்தது என்று ஆபீசர் தெலுங்கில் சீறினார். நைனா என்னைத் தேடிப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"நான்தான் சார். தொடைக்கச்சொல்ல குப்பைனு நெனச்சி எடுத்துட்டேன்."

"நல்லகாலம்பா, தந்தியயாவது உட்டு வெச்சியே" என்றார் மிருதங்கக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை.

நைனா தோளில் கிடந்த துண்டின் ஓரத்திலிருந்து நூல் உருவினார். யாரும் சொல்லாமலே ஒரே அளவாக நாலு துண்டு கிள்ளி நீட்டினார். பாடகியம்மா வாங்கிக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு நூலாகச் செருகி, மயிரிழை நகர்த்தி மீட்டினார். கூடம் முழுக்கத் தேன்கூடு கலைந்தது போல ரீங்காரம் நிறைந்தது.

அந்த வருஷம் ஃபைலில் கையெழுத்து விழவில்லை. அடுத்த வருஷமும் விழவில்லை.

அன்று கச்சேரி முடிந்து திரும்பும்போது பஸ்ஸில், "துன்ன எதனா வாங்கட்டா கண்ணு?" என்று கேட்டார். வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குத் தெரியாதது சரி, நான் சின்னப்பிள்ளை. இத்தனை வருஷமாகத் துடைக்கிறார், நைனாவுக்கும் அது குப்பை என்றுதானே தோன்றியிருக்கிறது. அத்தனை பேர் சிரித்தது எனக்கு வெட்கமாக இருந்தது. வடமாலபேட்டை வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.