சிறுமலைக்குத் தூசி அளக்கப் போனோம்

சிறுமலைக்கு எல்லாரும் குளிர்காற்றுக்கும் மலைவாழைப்பழத்துக்கும் போவார்கள். நாங்கள் போன மாசியில் தூசி அளக்கப் போனோம்.

வேலை என் தோழி அமீனாவுடையது. திண்டுக்கல்லில் தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண், வானியல் ஆராய்ச்சி செய்கிறாள். விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர் தரையைத் தொடாது. மேலே காற்றில் மோதி மங்கலான நீல ஒளியாகச் சிதறும், அந்த ஒளியைத்தான் தரையிலுள்ள தொலைநோக்கி பிடிக்கிறது. நடுவே தூசி இருந்தால் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும், கதிரும் சோப்ளாங்கியாகத் தெரியும். தூசியை அளந்துவிட்டால் விழுங்கியதைக் கணக்கில் திருப்பிச் சேர்த்துவிடலாம். அதற்கென்று சூரியனை நோக்கிப் பிடித்துத் தூசி அளக்கும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தாள். அது சமவெளியில் தூசியை அதிகமாகவும் மலையில் குறைவாகவும் சரியாக அளக்கிறதென்று காட்ட வேண்டும். இல்லையென்றால், இதே கருவியை நம்பி வெளிநாட்டுத் தொலைநோக்கியில் புழுதிக்கால இரவுகளில் எடுத்த பதிவெல்லாம் குப்பைக்குத்தான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவளுடைய இரண்டு வருட உழைப்பு அது.

காலை ஒன்பது மணிக்குச் சின்னாளப்பட்டி சாலையோரம் முதல் அளவு எடுத்தோம். பிறகு வாடகைக் கார், போய்வர இரண்டாயிரம் ரூபாய். திண்டுக்கல்லிலிருந்து மேலே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அடிவாரக் கோயிலில் டிரைவர் செல்வம் இறங்கி, ஸ்டியரிங்குக்குத் திருநீறு பூசினார். நான் சும்மா இருந்திருக்கலாம். மடியிலிருந்த கருவியை நீட்டினேன்.

"புது மெஷினாக்கா? இதுக்கும் வச்சிருவோம்" என்று தாராளமாகவே பூசினார். அமீனா தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

உச்சியில் வானம் அலசிவிட்ட மாதிரி இருந்தது. கருவியோ கீழே இருந்ததைவிட இங்கேதான் தூசி அதிகம் என்றது. திரும்பத் திரும்ப எடுத்தும் அதே கதை. அமீனா பாறையில் உட்கார்ந்துவிட்டாள். செத்த நேரம் கழித்து, கருவியைத் திருப்பி அதன் கண்ணாடியை வெயிலில் பார்த்தாள்.

"தூசி அளக்குற மெஷினுக்குப் போயி யாருடி திருநீறு பூசுனது?"

செல்வம் என்னைப் பார்த்தார். நான் வாழைத்தோப்பைப் பார்த்தேன். துடைத்துவிட்டு எடுத்தால், அளவு சமவெளியில் எடுத்ததில் பாதிகூட இல்லை. மூன்று பேரும் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தோம்.

போகிறவர்களுக்கு: பஸ் குறைவு, காலை வண்டியைத் தவறவிடாதீர்கள். மேலே போனில் சிக்னலை நம்பாதீர்கள். அதனால்தான் அமீனா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அளவுகளைப் பேராசிரியருக்கு அனுப்பினாள். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது, ஒரு இரவையும் தூக்கிப் போட வேண்டாம் என்று. அவள் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். புழுதியென்று ஒதுக்கிய அந்த இரவுகளில் என்னென்ன கதிர் வந்து சேர்ந்ததென்று இனிமேல்தான் பார்க்கப் போகிறாள்.