பறவைகளுக்குக் கணக்கு வராது

அந்தக் குளிர்தேசத்து ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்ரேக்காரம்மா என்றால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயில் அதிகம் புழங்கிய வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, "மூச்சை அடக்குங்க." இன்னொன்று, "அவ்ளோதான், போலாம்." இரண்டுக்கும் நடுவில் ஒரு பொத்தானை அழுத்துவாள். ஊரில் எப்பேர்ப்பட்ட முரடனும் அந்த அறையில் அவள் சொன்னபடி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான். நிற்காதவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

அவர் பஸ்களுக்கு சீட் உறை தைக்கிறவர். பஸ் கூரையில் தார்ப்பாய் கட்ட ஏறினவர் வழுக்கி விழுந்து, கணுக்காலை முறித்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். மூச்சை அடக்கச் சொன்னால் மனிதருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதல் படம் பாழ். இரண்டாவதும் பாழ்.

"நீங்க என்ன சின்னப் பிள்ளையா?" என்று கத்தினாள்.

"நீங்க அந்தப் பக்கம் நின்னு அடக்கு அடக்குன்னா எனக்கு எப்படிங்க அடங்கும்?" என்றார்.

விலா எலும்பு தப்பித்தது. அவள் தப்பிக்கவில்லை. கணுக்காலும் கூடிவிட்டது, ஆனால் வலது பாதம் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பினாற்போல் நின்றுவிட்டது. ஈரத் தரையில் அவர் நடந்து போனால் எந்தத் தடம் அவருடையது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்று நேராக இருக்கும், ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. வருஷம் முழுக்க இருட்டறையில் அடுத்தவர் எலும்பைப் படம் எடுத்துவிட்டு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பனியில் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பாள். அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரியில் அவசரக் கேஸ் தவிர எதுவும் வராது. ஊருக்கு வெளியே இருக்கிற ஏரி அப்போது உறைந்து கிடக்கும். ஓடை வந்து விழுகிற மூலையில் மட்டும் தண்ணீர் கறுப்பாக அசைந்துகொண்டிருக்கும். சுற்று வட்டாரத்துப் பறவையெல்லாம் அந்த மூலைக்குத்தான் வந்தாக வேண்டும்: வாத்துகள், ஒரு மீன்கொத்தி, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு கிழட்டுச் சாம்பல் நாரை. சந்தேகப் பிராணி. கழுத்தைச் சுருக்கி, ஒற்றைக் காலில் நின்று, உலகத்தில் எதுவும் சரியில்லை என்பதுபோலப் பார்க்கும். சீட் தைக்கிறவர் அதற்கு மாமனார் என்று பேர் வைத்திருந்தார். "இன்னிக்கு உங்கப்பா வந்தாரா? என்னை விசாரிச்சாரா?" என்பதுதான் சாயங்காலம் அவர் கேட்கும் முதல் கேள்வி.

பஸ் கித்தானில் அவரே அவளுக்கு ஒரு கூடு தைத்து, ஏரிக்கரையில் நிலையாக நட்டுக் கொடுத்தார். பறவைகள் கண்ணில் படாமல் உள்ளே ஓர் ஆள் குந்தி உட்காரலாம். முன்பக்கம் தண்ணீரைப் பார்த்து லென்ஸுக்கு ஒரு துவாரம். பின்பக்கம் வழியைப் பார்த்து ஒரு சின்னத் துவாரம். கதவுத் துணி காற்றில் படபடத்தால் பறவை மிரளும் என்பதால், அதை வெளியிலிருந்து கயிற்றால் கட்ட வேண்டும். அதை அவர்தான் கட்டுவார், சாயங்காலம் வந்து அவரே அவிழ்ப்பார். கடைசியில் ஒரு சுற்றை உள்ளே விட்டு இழுக்கிற முடிச்சு, சீட் தைக்கிறவர்கள் போடுவது. தெரியாதவன் அவிழ்க்கப் பார்த்தால் நகம்தான் பெயரும்.

கூட்டுக்குள் ஓர் ஆள் நுழைவதைப் பார்த்தால் பறவைகள் கிட்டே வராது. அதற்கு ஒரு வித்தை இருக்கிறது. இரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார, மற்றவர் எல்லாப் பறவைகளும் பார்க்கத் திரும்பி நடக்க வேண்டும். வந்த ஆள் போய்விட்டான் என்று அவை இறங்கி வரும். பறவைகளுக்குக் கணக்கு வராது.

"ரெண்டு பேர் போனாங்க, ஒருத்தன்தான் திரும்பி வரான், மிச்சம் எங்கேன்னு கேக்க ஒரு ஜீவனுக்குத் தோணலையே. என் முதலாளியும் இப்படி இருந்தா நல்லா இருக்கும்" என்பார் அவர்.

ஆனால் போகிறவருக்கு அவள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. நின்று திரும்பினால் மாமனாருக்குச் சந்தேகம் வந்துவிடும். முதல் வருஷம் அவர் பாதி வழியில் நின்று கையாட்டித் தொலைத்தார். நாரை அன்றைக்கு முழுக்க எட்டிப் பார்க்கவில்லை. அவள் பிடித்த பிடியில் அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவர் திரும்பியதில்லை.

அந்த அடுத்த வருஷத்திலிருந்து, அவர் போகும்போது பின்பக்கத் துவாரம் வழியாக அவள் ஒரு படம் எடுப்பாள். ஆசைக்கு இல்லை, அளவுக்கு. பனியை மட்டும் காட்டினால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும். நடுவில் கறுப்பாக ஏதாவது இருந்தால்தான் வெளிச்சத்தைச் சரியாக வைக்க முடியும். அவருடைய கறுப்புக் கோட்டு அதற்கு வசதியாக இருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு அப்புறம், பனி உருகுகிற சமயத்தில், கடையில் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே மெஷின் மேல் சாய்ந்தார். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததாம். ஓடி வந்து சொன்னவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் வந்தாள். தூரத்து ஊரில் வேலை. விடுமுறை முடிந்தால் கிளம்பிவிடுவாள். போவதற்குள் அப்பா படம் ஒன்றைப் பெரிசு பண்ணிக் கூடத்தில் மாட்டிவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அப்பாவின் முகம் அவளுக்கு மெல்ல மெல்ல மறந்துகொண்டு வருகிறதாம். தனக்கும் அப்படித்தான் என்பதை எக்ஸ்ரேக்காரம்மா எந்த வாயால் சொல்வது?

படம் இருந்தால்தானே? மனிதர் கேமராவைக் கண்டாலே ஒளிகிறவர். கல்யாணப் படத்தில் கண்ணை மூடியிருந்தார். குடும்பப் படங்களில் சரியாக அந்த நேரம் பார்த்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கினால் யாரோ தேடப்படும் ஆசாமி. அலமாரியில் ஓர் எக்ஸ்ரே இருந்தது, பல் வலிக்காக எடுத்தது. அதில் கண்குழியும் தாடையும் துல்லியமாகத் தெரிந்தன.

"உள்முகம் பளிச்சுன்னு இருக்கு, வெளிமுகம்தான் இல்ல" என்று அம்மா சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

பிறகு மகள் கம்ப்யூட்டரில் ஏரிப் படங்களைத் திறந்தாள். ஒவ்வொரு வருஷத்தின் முதல் படமும் அதேதான். வெள்ளை வழி, கறுப்புக் கோட்டு, முதுகு. அடுத்தடுத்துத் தள்ளிக்கொண்டே போனாள். முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. தொப்பிக்குக் கீழே முடி வெளுத்தது. முகம் மட்டும் வரவே இல்லை.

"அம்மா, எல்லாத்துலயும் அப்பா போய்க்கிட்டே இருக்காரு" என்றாள் மகள். "ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

எக்ஸ்ரேக்காரம்மா திரையில் அந்த முதுகையே பார்த்தாள். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். கூப்பிடாதது மட்டுமா, திரும்பாதே என்று சொன்னதே அவள்தானே.

கிறிஸ்துமஸ் அன்று காலை அவள் கேமராவை எடுத்து மாட்டினாள். மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தனியா போனா ஒண்ணுகூட வராதுன்னு நீதானம்மா சொல்லுவே? நானும் வரட்டா?"

"வேணாம். வராட்டிப் போகுது. சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வரேன்."

ராத்திரி விழுந்த பனி எங்கும் புதிதாகக் கிடந்தது. மரவரிசையிலிருந்து கூடு வரைக்கும் அவள் கால் தடம் ஒற்றை வரியாக விழுந்தது. பறவைகள் எதிர்க்கரையில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வாத்துகூடக் கத்தவில்லை. மாமனார் தூரத்தில் ஒற்றைக் காலில் நின்றார். அவள் கூட்டுக்குள் நுழைந்து முக்காலியில் உட்கார்ந்தாள். கதவுத் துணியை வெளியிலிருந்து கட்ட ஆள் இல்லை. அது பட் பட் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் காத்திருந்தாள். பறவைகளும் காத்திருந்தன. கணக்கு வராத பிராணிகள் என்று யார் சொன்னது? ஒருத்தி உள்ளே போனாள், யாரும் வெளியே வரவில்லை என்பது அவற்றுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. விரல் மரத்துப்போயிற்று. எழுந்து போய்விடலாமா என்று யோசித்தபோது, கதவுத் துணி அடிப்பது நின்றது.

காற்று நின்றிருக்கும் என்று நினைத்தாள். முன் துவாரத்தில் பார்த்தால் கரையோரக் கோரை அப்படியே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் கித்தான் விறைப்பாக இழுபட்டது, கயிற்றை யாரோ இறுக்கும்போது இழுபடுவதுபோல. அப்புறம் பனி மிதிபடுகிற சத்தம் வந்தது. ஓர் அடி அழுத்தமாக, ஓர் அடி லேசாகத் தேய்த்து. கூட்டை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குக் கத்தவும் வரவில்லை, திரும்பவும் துணிவில்லை. எதிர்க்கரை காலியாகிக்கொண்டிருந்தது. வாத்துகள் இறங்கின. மீன்கொத்தி வந்து கிட்டத்துக் கோரையில் உட்கார்ந்தது. கடைசியில் மாமனாரே சிறகை விரித்து, கறுப்புத் தண்ணீர் மேல் தாழப் பறந்து வந்து, லென்ஸுக்கு நேராக நின்றார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் அவர் நின்றதே இல்லை. நாரையும் மீன்கொத்தியும் ஒரே ஃப்ரேமில். எந்தப் படக்காரனும் கையை வெட்டிக் கொடுத்து வாங்குவான்.

அவை எதற்காக இறங்கி வந்தன என்பது அவளுக்குப் புரிந்தது. வந்த ஆள் திரும்பிப் போவதை அவை பார்த்துவிட்டன.

கேமராவை எடுத்துக்கொண்டு பின்பக்கத் துவாரத்துக்குத் திரும்பினாள். வழியில் யாரும் இல்லை. வெறும் பனி. ஆனால் அவள் வந்த தடத்துக்குப் பக்கத்தில், போகிற தடம் ஒன்று புதிதாக இருந்தது. ஒன்று நேராக, ஒன்று வெளியே எட்டிப் பார்த்து. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரவரிசைப் பக்கமாக இன்னும் ஓர் அடி பனியில் அமுங்கியது. இன்னும் ஓர் அடி. இன்னும் கொஞ்ச தூரம்தான். மரத்துக்குள் போய்விட்டால் தீர்ந்தது.

"என்னங்க!" என்று கத்திவிட்டாள்.

முன்பக்கம் ஏரியே கிழிந்ததுபோல அத்தனை சிறகும் ஒரே நேரத்தில் எழும்பின. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு தடவை. திரும்பிப் பாருங்க. நான்தான் சொல்றேன், திரும்புங்க."

தடம் நின்றது. பிறகு, நின்ற இடத்திலேயே பனி மெல்ல நொறுங்கியது. புதிதாக இரண்டு பாதம் விழுந்தன. விரல் பக்கம் அவளைப் பார்த்து இருந்தது.

கை நடுங்கினால் படம் கெடும். ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிப் பழகிய வாய் தானாகவே சொல்லிற்று. "மூச்சை அடக்குங்க."

பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த வாக்கியம் மட்டும் தொண்டையிலேயே நின்றுகொண்டது. பாதங்களும் அங்கேயே நின்றன. அவள் சொல்லாமல் அவர் போக மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்படியே சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஆசையாக இருந்தது. வெளியே பனி மறுபடி தூற ஆரம்பித்தது.

"அவ்ளோதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போலாம்."

வெளியே வரப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. எவ்வளவு தள்ளியும் கித்தான் அசையவில்லை. மத்தியானம் வரை அம்மாவைக் காணாமல் பதறிப்போய் மகள் தேடிக்கொண்டு வந்தபோது, பனி வழியையும் தடங்களையும் மூடிவிட்டிருந்தது. அப்பா வேலை செய்த கடையிலேயே தவழ்ந்து வளர்ந்தவள், அதனால் கயிற்றைப் பார்த்ததுமே அவள் விரல் அந்த உள்சுற்றைத் தேடிப் பிடித்து இழுத்துவிட்டது. இழுத்த பிறகுதான் யோசித்தாள். கையில் கயிறோடு அப்படியே நின்றாள்.

"அம்மா. நீ உள்ளே இருக்கே. இதை வெளியே கட்டினது யாரு?"

"வா, வீட்டுக்குப் போவோம். குளிருது."

வீட்டில் படத்தை மகள்தான் திறந்தாள். ஒரே ஒரு படம். வெள்ளை வழி, தூரத்தில் மரவரிசை, இந்தப் பக்கம் பார்த்து நிற்கிற இரண்டு பாதத் தடம். ஆள் இல்லை, கோட்டு இல்லை. வழக்கமாக நடுவில் இருக்கும் கறுப்பு இல்லாததால் கேமரா ஏமாந்து, பனியெல்லாம் சாம்பலாக விழுந்திருந்தது. மகள் ஏமாற்றத்தோடு படத்தைப் பெரிதாக்கினாள். பாதத்துக்கு மேலே, ஒரு மனிதனின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில், குளிரில் மூச்சு விட்டாற்போல வெள்ளையாகக் கொஞ்சம் ஆவி கலைந்து நின்றது.

"இது என்னம்மா, இங்க மட்டும் புகை மாதிரி?"

எக்ஸ்ரேக்காரம்மா கிட்டே குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மகளுக்குத் தெரியாத ஒரு குரலில் சொன்னாள்.

"அடக்குங்கன்னுதான் சொன்னேன். சிரிச்சிருக்காருடி."