திகதித் தாளின் பின்பக்கம்

அந்த மனிதரைப் பற்றிய பத்திரிகை நறுக்குகள் பதினொன்று என் கோப்பில் இருக்கின்றன. முதலாவது 1985 நவம்பரில், டென்மார்க்கில் சில்க்போர்க் பக்கத்துப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அகதி முகாமின் சாப்பாட்டு மண்டபத்தில், கையில் பூங்கொத்துடன் ஒரு செக் நாடக நடிகர் நிற்கிறார். கடைசி நறுக்கில் அவர் தென்னமெரிக்க நாடொன்றுக்குத் தூதர். இடையில் 1989 புரட்சியின்போது பிராக் கூட்ட மேடை, பிறகு நாடாளுமன்ற ஆசனம். அவருடைய அரசியல் வாழ்க்கை பிராக்கில் தொடங்கியதாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். பிழை. அது எங்கள் சாப்பாட்டு மண்டபத்தில், ஒரு மன்னார்க்காரரின் தலையில் கால் வைத்துத் தொடங்கியது.

அந்த மன்னார்க்காரரை நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். ஊரில் கணித ஆசிரியர். 1985 ஏப்ரலில் அவரும் நானும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஒரே படகில் வந்து இறங்கினோம். ஒக்டோபரில் எங்களைக் கோபன்ஹேகனிலிருந்து சில்க்போர்க் முகாமுக்கு மாற்றினார்கள். வந்த நாள் வரிசைப்படிதான் பொலிஸ் விசாரணைக்கு அழைப்பார்கள். எனக்கு அழைப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. பொலிஸ் அவருக்கு அனுப்பியிருந்த பதிவுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். முகாம் மாறிய நாளை, நாட்டுக்குள் வந்த நாளாக யாரோ எழுதியிருந்தார்கள். ஆறு மாதம் பின்னால் தள்ளப்பட்டிருந்தார். மன்னாரில் அவருடைய மனைவியும், அவர் இன்னும் கண்ணால் காணாத மகளும் இருந்தார்கள். அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

நவம்பரில் டேனிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும், அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் பெரிய அதிகாரி ஒருவரும் முகாமுக்கு வருவதாக அறிவித்தார்கள். ஒருவர் மட்டும் எல்லோருக்குமாகப் பேசலாம்.

செக் நடிகரைத் தெரிவு செய்தோம். அரசுக்கு எதிரான மனுவொன்றில் கையெழுத்து வைத்ததற்காக மேடையிலிருந்து விலக்கப்பட்டு, கொதிகலன் அறையில் கரி அள்ளியவர். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவரைத் தெரிவு செய்ததற்கு அது காரணமில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு: விஷயம் தெரிந்தவனைக் கதிரையில் இருத்திவிட்டுக் குரல் உள்ளவனை மேடையில் ஏற்றுவோம். ஊரில் கோயில் கூட்டமென்றாலும் அப்படித்தான்.

"மாஸ்டர், நீங்களே எழும்பிச் சொல்லுங்கோவன். ஒரு வசனம்தானே," என்றேன்.

"எனக்கு உந்த இங்கிலீசு வாயில வராது தம்பி. அந்தாள் கதைச்சா கேட்டுக்கொண்டே இருக்கலாம்."

எங்கள் அறையிலிருந்த பருத்தித்துறைக்காரர் படுத்தபடியே சொன்னார்: "ஓம், எங்கட ஊரில எண்டா உவன் இவ்வளவுக்கு எலெக்சனில வெண்டிருப்பான்."

சிரித்தோம். நான் ஒரு தாள் எடுத்து, மாஸ்டர் இறங்கிய நாள், படகின் நேரம், முகாம் மாறிய நாள், கடிதத்திலிருந்த பிழை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். கீழே பெரிய எழுத்தில், "இந்தத் திகதி தவறு" என்று போட்டேன். நடிகர் தாளை வாங்கி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

அது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவர் எழும்பியதும் மண்டபம் அடங்கியது. தாள் கையில் இருந்தது. சுதந்திரம் பற்றிச் சொன்னார். பூட்டிய நாடக அரங்கு பற்றி, தாயின் கல்லறைக்குப் போக முடியாத மகன் பற்றிச் சொன்னார். இரண்டு தடவை தாளைக் குனிந்து பார்த்தார். இரண்டு தடவையும், இதோ வாசிக்கப் போகிறார் என்று மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார். நடிகர் குரலை இறக்கி, டென்மார்க்குக்கு நன்றி சொல்லி, கதிரையில் இருந்துவிட்டார். ஒரு பெண் உறுப்பினர் கண்ணைத் துடைத்தார். அதிகாரி கைகுலுக்கினார். பூங்கொத்து, படம், பிறகு கார்கள் புறப்பட்டன.

நான் நடைபாதையில் நடிகரை மறித்தேன். "ஏன் வாசிக்கவில்லை?"

அவர் ஆச்சரியப்பட்டார். "நண்பரே, திகதிகளை யார் கேட்பார்கள்? மண்டபத்தைக் கவனித்தீர்களா? அவர்கள் நம் எல்லோருக்காகவும்தான் கைதட்டினார்கள்."

"மாஸ்டருக்கு அது தேவையில்லை. ஒரு வசனம் தேவைப்பட்டது."

"அது பேச்சின் ஓட்டத்தைக் கெடுத்திருக்கும்," என்றார். பொய் சொல்லவில்லை. வெட்கப்படவும் இல்லை. தாளைத் திருப்பித் தந்தார்.

பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் செக் மொழி. சொற்களுக்கிடையே சாய்கோடுகள், சிலவற்றின் கீழ் இரட்டைக் கோடு. எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்ற குறிப்புகள். மாஸ்டரின் ஆறு மாதம் அவருக்கு எழுதுகிற காகிதம்.

வெள்ளிக்கிழமை காலை எனது அரைகுறை டேனிஷோடு முகாம் பொறுப்பாளரிடம் போனேன். அந்தப் பெண் தாளை இரண்டு நிமிடத்தில் விளங்கிக்கொண்டார். "அந்த அதிகாரி நேற்று இங்கேதானே இருந்தார். சொல்லியிருந்தால் அப்போதே திருத்தியிருப்பார். இனிக் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்."

பதில் வரும்போது பனி கரைந்துவிட்டது. விசாரணை 1986 கோடையில் நடந்தது. அதற்குள் மாஸ்டரின் மனைவி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு மீன்பிடி வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குக் கடல் கடந்திருந்தார். வள்ளம் ஏறியது தெரிந்த பிறகு, கரை சேர்ந்த செய்தி வரும்வரை பதினாறு நாள் மாஸ்டர் முகாம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். நடிகர் அப்போது முகாமில் இல்லை. எங்களுக்கு முன்பே அனுமதி பெற்றுப் போய், ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தார்.

1987இல் மனைவியும் மகளும், மாஸ்டர் குடியேறியிருந்த வைலே நகரத்து ரயில் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். பிள்ளை தகப்பனிடம் போக மாட்டேனென்று தாயின் சீலைக்குள் முகத்தைப் புதைத்தது.

பல வருடம் கழித்து, நடிகர் தூதர் ஆன செய்தி நறுக்கைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார்.

"எண்டாலும் நல்லாத்தான் கதைச்சவர் தம்பி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாஸ்டர், அந்தாள் உங்களைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை!"

"நீரும் கைதட்டினனீர்தானே," என்றார்.

ஓம். தட்டினேன். அன்று நடிகர் கதிரையில் இருந்ததும் மண்டபம் எழும்பியது. வாசிக்காத தாளைப் பார்த்துக்கொண்டே நானும் எழும்பித் தட்டினேன். முகாமில் நான் எழுதிவந்த நாட்குறிப்பில், அன்றைய பக்கத்தில் அந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்த வியாழக்கிழமையின் கீழ் அதை எழுதினேன்.