ஞாயிறுகள் இல்லாத குறிப்பேடு

மாசி 3, திங்கள். காலை 8.10. மனைவியின் வலது மேல்கையில் விரல் அகலத்தில் நீலத் தடம். பணிப்பெண் வந்தது 7.30.

மாசி 10, திங்கள். காலை 8.00. அதே கையில் இரு புதிய தடங்கள்.

மாசி 13, வியாழன். பிற்பகல் 3.20. மனைவியின் இடுப்புக்கடியில் நான்காக மடித்த பழைய நூல் புடவை. இரு முனைகளும் முறுக்கப்பட்டிருந்தன.

மாசி 17, திங்கள். காலை 8.05. மேலும் ஒரு தடம். 8.30: பணிப்பெண் நிறுத்தப்பட்டார்.

பக்கவாதம் என் மனைவியின் வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேரப் பறித்தது. பெருமுக்கல்லிலிருந்து ஒரு பெண்மணி தினமும் பேருந்தில் திண்டிவனம் வந்து அவளைக் கவனித்துக்கொண்டார். ஞாயிறு மட்டும் சர்ச்சுக்குப் போவதால் வரமாட்டார். சொல்ல இயலாதவளுக்காகச் சந்தேகப்படுவது என் கடமை என்று கருதினேன். கல்லூரியில் அறவியல் கற்பித்தவன். அதற்கான நியாயங்களை அடுக்குவது எனக்கு எளிது.

நான் எழுதுவதை அவர் கவனித்தே இருந்தார்.

"அம்மா, உங்க வூட்டுக்காரரு எனக்கு மார்க்கு போட்டுக்கினு இருக்காரு. நான் பாஸான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

மனைவியின் உதடு இடப்பக்கமாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று நான் எழுதவில்லை. நான் அருகே சென்றால் அவள் முகம் திருப்பிக்கொண்டதை மட்டும் எழுதினேன். அவர் மிரட்டி வைத்திருக்கிறார் என்பது என் ஊகம்.

அந்தப் புடவையால் கையைக் கட்டுகிறாரோ என்று நேரடியாகவே கேட்டேன்.

"கட்டறதா? இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க! திருப்பிப் படுக்க வெக்கறதுக்குங்க. துணியப் புடிச்சித்தான் இழுக்கணும். கையப் புடிச்சி இழுத்தா கன்னிப் பூடும்."

கேட்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்கிறார் என்றே தோன்றியது. திங்களன்று அவரை அனுப்பினேன். அவர் அடுத்ததாக வேலைக்குச் சேரவிருந்த பின்தெரு வீட்டாரையும் எச்சரித்தேன்.

அதன்பின் மனைவியைத் திருப்பியவன் நான் ஒருவனே. ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டு, விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். செவிலியர் அவள் ரவிக்கைக் கையை மேலேற்றிப் பார்த்தார்.

"வீட்ல யாருங்க ஐயா இவங்களத் திருப்பறது?"

"நான்தான்."

"கையப் புடிச்சா?"

நான் குனிந்து பார்த்தேன். மேல்கையைச் சுற்றி நான்கு தடங்கள் ஒரு புறமும் ஒன்று மறுபுறமும் இருந்தன.

பங்குனி பிறந்த மூன்றாம் நாள் அவள் இறந்தாள். நுரையீரலில் சளி என்றார்கள். கைத் தடங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார்கள். அவர்கள் அதை இருமுறை சொன்னது ஏன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

காரியம் முடிந்தபின் குறிப்பேட்டைப் படித்தேன். தடங்கள் எல்லாம் திங்கள் காலையில். ஞாயிறுகளில் ஒரு வரிகூட இல்லை. கண்காணிக்கப்பட வேண்டியவர் அன்று வீட்டில் இல்லை என்று இருந்துவிட்டேன். அந்த நாட்களில் அவளைத் தோளுக்குக் கீழே பற்றி இழுத்துத் திருப்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவசரம் இருந்தது, கோபமும் இருந்ததா என்பதில் என் சொல்லை நானே நம்பவில்லை.

செய்யாமல் நிற்பவை:

பின்தெரு வீட்டாரிடம் நான் சொன்னது பொய் என்று சொல்வது.

பெருமுக்கல் பேருந்தில் ஏறுவது. இருமுறை நிறுத்தம்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

புடவையைத் திருப்பிக் கொடுப்பது. எங்கள் வீட்டுப் புடவை என்று எண்ணியிருந்தேன். அவர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

ஞாயிறுகளை எழுதுவது.