பிறிஜெற் சொல்லாமல் விழுங்கிய குளிசை

"வாயைப் பொத்துங்க அக்கா! பெரிய டொக்டரிட்டப் போனது தெரிஞ்சா எங்கட டொக்டர் கோவிப்பார்." கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரி வாசலில் பக்கத்து வீட்டுப் பிறிஜெற் என்மேல் பாய்ந்தாள். துறைமுகக் கன்ரீனில் மனேஜரையே அதட்டிச் சமைத்தவள், டொக்டரின் முகம் சுருங்குவதற்குப் பயந்தாள்.

எங்கள் டொக்டர் அவளின் நீரிழிவுக்குச் சீனி வருத்தக் குளிசையைப் பேரெழுதாத கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பார். தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த பெரிய டொக்டரும் சீனிக்கு ஒன்று எழுதினார். அவருக்கும் இவள் அந்த உறையைக் காட்டவில்லை.

"ரெண்டையும் போடச் சொல்லி ஆரடி சொன்னது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் டொக்டர்தானே?" என்றாள்.

ஒருநாள் காலை அவள் எழும்பவில்லை. சீனி அடியோடு இறங்கிவிட்டதாம். இரண்டும் ஒரே குளிசை என்று பாமசிக்காரன் பிறகு சொன்னான். எனக்குக் கண்ணீரும் வரவில்லை, கோவமும் வரவில்லை. அந்தோனியார் திருநாளுக்கென்று அவள் வாங்கிய வெள்ளைச் செருப்பை, பெட்டியில் கிடந்தவளின் காலில் மாட்டிவிட்டேன். அடியில் ஒட்டியிருந்த விலை மூவாயிரத்து இருநூறு ரூபாய்.