பானெட்டின் இரு பக்கம்

அக்காவின் கல்யாண வரவேற்பு பிரேசர் டவுன் மண்டபத்தில். தாத்தாவின் கறுப்புக் கார் நின்றதோ ஜோகுபாளையத்தில், எங்கள் வீட்டு வாசலில். "தாத்தா காரில்தான் மண்டபத்துக்குப் போவேன்" என்று பெரியப்பா மகளான அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். தாத்தா போன பிறகு அந்தக் கார் ஒழுங்காக ஓடியதில்லை. சாவியைத் திருகினால் இருமும், புகைவிடும், அடங்கிவிடும்.

கார்புரேட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கருத்துதான். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் வழியில்லை. தாத்தாவின் வீட்டைப் பாகம் பிரித்தபோது வார்த்தை தடித்துப்போய், அன்றிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் அன்று மதியம் மிகவும் வேண்டியவளாகிவிட்டேன்.

சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அலைந்து தேடிய கார்புரேட்டரைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரியப்பா வந்தார். மாலை விசேஷத்துக்காகப் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் அப்போதே உடுத்தியாகிவிட்டது. பானெட்டின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் பனியனோடு அப்பா. நடுவில் ஸ்டூல் போட்டு நான்.

"பாப்பா, கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டிருக்கான்னு உங்கப்பன்கிட்ட சொல்லு."

"தெரியும்னு சொல்லு. வெளிச்சத்த மறைக்காம ஸ்வல்ப தள்ளி நிக்கச் சொல்லு."

கடுமையான சொற்களை உருவிவிட்டு மிச்சத்தை மட்டும் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுசேர்த்தேன். என்னைத் தவிர அந்த வேலையை யாராலும் செய்ய முடியாது என்று பெருமையாக இருந்தது.

நட்டை முறுக்கி, பெட்ரோல் குழாயை மாட்டி, அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி முனகியதோடு சரி. பெரியப்பாவின் போன் அடித்தது. அக்காதான். பேசாமல் துண்டித்தார். மறுபடி அடித்தது. கேட்டுக்கும் காருக்குமாக நடந்தார்.

"சோக்கை இழுக்கச் சொல்லு பாப்பா."

"இழுத்தாச்சுன்னு சொல்லு" என்ற அப்பா, அப்போதுதான் சத்தமில்லாமல் அதை இழுத்தார். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

அடுத்த திருகலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வாசலே அதிர்ந்தது. ஆனாலும் ஓட்டம் சீராக இல்லை. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பெரியப்பா ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே குனிந்தார். அப்பா இறங்கி வந்தார். நான் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டு தயாராக நின்றேன். பெரியப்பாவின் தோளிலிருந்த அங்கவஸ்திரம் நழுவி, சுழலும் இன்ஜின் ஃபேன் பக்கம் போனதை நான் கவனிக்கவில்லை.

"அண்ணா! துண்டு! துண்டு!"

அப்பா பாய்ந்து அவரையும் துணியையும் சேர்த்து வெளியே இழுத்தார். இருவரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

"கத்தாதடா. காது கேக்குது" என்றார் பெரியப்பா.

அப்பா துணியை உதறி அவர் தோளில் போட்டார். பெரியப்பாவே இன்ஜினைக் காட்டி அவரிடம் நேராகக் கேட்டார்: "இன்னும் அரைச் சுத்து விடவா?"

"விடு, விடு. நிதானமா."

பெரியப்பா வீட்டிலிருந்து அக்காவை மண்டபத்துக்கு அழைத்துப்போகக் கிளம்பினோம். அப்பா ஓட்ட, பெரியப்பா பக்கத்தில். என்னைப் பின் சீட்டில் ஸ்பேனர் பெட்டியோடு உட்கார வைத்தார்கள். ஸ்க்ரூ, பெட்ரோல், தாத்தா பிரேக் போடும் விதம் என்று முன்னால் இருவரும் விடாமல் பேசினார்கள். பொறுக்க முடியாமல் எட்டிக் கேட்டேன்:

"பெரியப்பா, அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணும் வேணாம் பாப்பா. நீ கம்முனு உக்காரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக வேலை செய்தவளை எதற்காக ஒதுக்கினார்கள் என்று விளங்கவேயில்லை. அல்சூர் சிக்னலில் கார் ஒரு தடவை குலுங்கியது. இருவரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். நான் கண்களை இறுக மூடி, நின்றுவிடு, நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டேன்.